எலிகளுக்குப் பந்தி வைத்த டாக்டர்

வயிறு நிறைந்தால் போதுமா? உடம்புக்குச் சத்து சேர வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி, நம் நீலகிரி மலையில் பல ஆண்டுகள் உழைத்தவர் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன்.

இவர் 1878-ம் ஆண்டு அயர்லாந்தின் வடபகுதியில் போர்ட்டடவுன் என்ற ஊரில் பிறந்தார். டாக்டருக்குப் படித்துத் தேறி, 1901-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார்.

மலைநாட்டு மக்கள்

காஷ்மீருக்கு வடக்கே உள்ள கில்ஜித் மலைநாட்டில் இவருக்கு வேலை கிடைத்தது. அங்கே பலருக்குக் கழுத்தில் கழலை இருந்தது. அசுத்தத் தண்ணீர்தான் காரணமோ என்று சந்தேகித்தார். அந்தத் தண்ணீரின் கசடைத் தாமே குடித்துச் சோதனை செய்தார்!

பக்கத்திலே ஹூன்சா மக்கள் திடகாத்திரமாக இருந்தார்கள். கோதுமை, கீரை, பழம், பால் இவையே அவர்கள் உணவு. ஆரோக்கியத்துக்குக் காரணம் சாப்பாடுதான் என்ற எண்ணம் டாக்டர் மனதில் பதிந்தது.

தவிட்டோடு போன சத்து

1918-ம் ஆண்டு குன்னூரில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அப்போது ஆந்திரக் கடற்கரையில் "பெரிபெரி" என்ற நோய் இருந்தது. கால்கள் சோர்ந்துவிடும். இருதயம் கெடும்.

மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் தவிடு போய்விடும். தவிட்டோடு வைட்டமினும் போய்விடும். நெல்லை அவித்தால், அந்தச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கித் தங்கும். அதனால் புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் குறைவு.

1923-ல் சிக்கனம் என்று சொல்லி, சர்க்கார் ஆராய்ச்சிக்குப் பணத்தை நிறுத்தியது. டாக்டர் மனம் தளரவில்லை. 1925-ல் மறுபடியும் தொடங்கினார்.

எலிகளுக்குச் சாப்பாடு

எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு. இன்னொன்றுக்கு மராட்டியர் சாப்பாடு. மற்றொன்றுக்கு நம் சென்னை ராஜதானிச் சாப்பாடு.

முடிவு என்ன? முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற சீக்கியக் கூட்டம் முதலிடம் பெற்றது. அவற்றின் எடை சுமார் 235 கிராம். நம் கூட்டத்துக்குக் கடைசி இடம். எடை சுமார் 155 கிராம்தான்!

அரிசி விஷமா? இல்லை. தீட்டிய அரிசி அதிகம்; பாலும் கீரையும் குறைவு. அதுதான் குறை.

பிற்காலம்

1933-ல் இவருக்குச் "சர்" பட்டம் கிடைத்தது. 1935-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். 1960-ல் ஆக்ஸ்போர்டு நகரில் காலமானார். குன்னூரில் அவர் வளர்த்த ஆராய்ச்சி நிலையம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறியது. தேசிய உணவூட்ட நிறுவனமாக அது இன்றும் நடக்கிறது.

நம் வீட்டில்

தாராபுரம் பக்கம் அமராவதிப் பாசனத்தில் நெல் விளைகிறது. மேட்டுக்காட்டில் கம்பும் சோளமும் விளையும். முன்பு கம்பங்கூழும் ராகிக் களியும் அன்றாடச் சாப்பாடு. இன்று மூன்று வேளையும் வெள்ளை அரிசி என்று ஆகிவிட்ட வீடுகள் உண்டு. தீட்டிய அரிசியில் நார்ச்சத்து குறைவு. அதை அளவுக்கு மீறிச் சாப்பிட்டு, உடல் உழைப்பும் குறைந்தால், சர்க்கரை வியாதி வரும் அபாயம் கூடும்.

விடியற்காலையில் திருப்பூருக்குப் பஸ் ஏறிப் பனியன் வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாட்டுப் பாத்திரத்தில் சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள். பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள். வாரத்தில் சில நாள் கம்பும் ராகியும் அடுப்பேறட்டும்.