செவிக்கு அப்பால் ஒரு செவி

எங்கள் பாட்டனார் மாட்டுத் தரகர். சுற்று வட்டாரச் சந்தைகளில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் காலையில் எழுந்தவர், ஏதேதோ பேசத் தொடங்கினார். கைகால் விழவில்லை, வாய் கோணவில்லை. பேச்சு மடை திறந்த வெள்ளம் போலத்தான் வந்தது. ஆனால் அதில் பொருள் இல்லை. பாதிச் சொற்கள் தமிழே அல்ல. நாங்கள் கேட்டதற்கும் அவர் சொன்னதற்கும் தொடர்பே இல்லை. காது அடைத்துவிட்டது என்றார் ஒருவர். புத்தி பேதலித்துவிட்டது என்றார் மற்றொருவர். அவர் காதருகே குனிந்து தொண்டை கிழியக் கத்தியவர்களில் நானும் ஒருவன். கொட்டிலில் கன்று கத்தியபோது மட்டும் அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். விலங்கியல் படிக்கும் எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நான்கு நாள் கழித்தே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் மருத்துவர் விரல் வைத்துக் காட்டிய இடம், இடக் காதுக்குச் சற்று மேலே, மூளையின் ஒரு மடிப்பு. இரத்தக் குழாய் அடைபட்டதால் செத்துப்போன பகுதி அது. அந்த இடத்திற்கு வெர்னிக்கே பகுதி என்று பெயராம். பாடநூலில் ஒரே வரியில் அப்பெயரைப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். அந்த மனிதர் யார் என்று தேடியது அதற்குப் பிறகுதான்.

கார்ல் வெர்னிக்கே 1848ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், பிரஷ்ய நாட்டின் மேல் சைலீசியாவில் டார்னோவிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்தில் இருக்கிறது. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் 1870இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே பிரான்சுடன் மூண்ட போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியவர், பிரெஸ்லாவில் மனநோய்ப் பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அங்கிருந்து ஆறு மாதம் வியன்னாவுக்குச் சென்று, மூளை நரம்பு இழைகளின் வழித்தடங்களை ஆராய்ந்துவந்த தியோடர் மைனர்ட் என்ற பேரறிஞரிடம் பயின்றார். அந்த ஆறு மாதங்களே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சிக்கு வித்திட்டன.

அதற்கு முன்பே, 1861இல், பாரிஸ் நகரத்துப் பால் புரோக்கா ஒரு நோயாளியின் மூளையை ஆராய்ந்திருந்தார். பிறர் பேசுவதைப் புரிந்துகொண்ட அந்த நோயாளியால் ஓரசையைத் தவிர வேறெதுவும் சொல்ல இயலவில்லை. அவருடைய மூளையின் இடப்பாதியில் முன்பக்கம் பழுதாகியிருந்தது. வெர்னிக்கே கண்டது இதற்கு நேர்மாறான நோயாளிகளை. அவர்கள் தங்குதடையின்றிப் பேசினர். ஆனால் பிறர் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களுள் 75 வயது மூதாட்டி ஒருவரும் உண்டு. செவிடு, அதோடு சித்தக் கலக்கம் என்றே அவரை எண்ணியிருந்தனர். அவர் இறந்த பின் மூளையைத் திறந்து பார்த்தபோது இடப்பக்கப் பொட்டு மடிப்புகளில் மேலே உள்ளது சிதைந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. நாங்கள் செய்த தவற்றையே ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் செய்திருக்கிறார்கள்!

1874இல் ஒரு சிறு நூலாக இதை வெளியிட்டபோது வெர்னிக்கேவுக்கு வயது 26. ஒலியைக் கேட்பது வேறு, சொல்லை அறிவது வேறு என்பதே அதன் சாரம். சொற்களின் ஒலி வடிவங்கள் அந்த மடிப்பில் பதிந்திருக்கின்றன. அவை அழிந்தால் கேட்டது விளங்காது. பேசும்போது சொற்களைச் சரிபார்க்கவும் வழியிருக்காது. எனவே பேச்சும் குழறும். அதோடு அவர் நிற்கவில்லை. கேட்குமிடத்தையும் பேசுமிடத்தையும் இணைக்கும் இழை அறுபட்டால் மூன்றாவது வகைக் குறை ஒன்று தோன்ற வேண்டும் என்று கணித்தார். அத்தகைய நோயாளிகளும் பின்னர் இனங்காணப்பட்டனர்.

புகழ் வந்ததே தவிரப் பதவி எளிதில் வரவில்லை. பெர்லினில் சாரிட்டே மருத்துவமனையில் சில காலம் பணியாற்றினார். 1878 முதல் 1885 வரை அந்நகரிலேயே தனியாக மருத்துவம் பார்த்தார். மூளை நோய்களைப் பற்றிய பெருநூலையும் அக்காலத்தில்தான் எழுதினார். பின்னர் பிரெஸ்லாவில் பேராசிரியரானார். 1904இல் ஹாலே நகருக்கு மாறினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் துரிங்கியக் காட்டுப் பகுதியில் மிதிவண்டியில் சென்றபோது விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தார். அப்போது வயது 57.

வெர்னிக்கேவுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. பழுது எங்கே என்று அறிய நோயாளி இறக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். உயிருள்ள மூளை கேட்கும்போது என்ன செய்கிறது என்பதை அவர் பார்த்ததே இல்லை. அந்த வாய்ப்பு அவருக்குப் பின் நெடுங்காலம் கழித்தே வாய்த்தது. மூளையில் வேலை செய்யும் பகுதிக்கு உயிர்வளி மிகுந்த இரத்தம் விரைகிறது. அந்த மாற்றத்தைக் காந்தப் புலத்தால் படமெடுக்கலாம் என்று செய்ஜி ஒகாவா 1990இல் எலிகளிடம் காட்டினார். 1992இல் மனிதரிடமும் அது மெய்ப்பிக்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கருவி சம்மட்டி அடிப்பது போலப் பேரிரைச்சல் போடும். கேட்டலை ஆராயும் கருவியே காதைத் துளைத்தால் என்ன செய்வது? இரத்தம் வந்து சேரச் சில நொடிகள் ஆவது நல்லதாயிற்று. கருவியை ஓய வைத்து, ஒலியைக் கேட்கச் செய்து, பிறகு படமெடுக்கிறார்கள்.

படங்கள் வெர்னிக்கேவின் அடிப்படையை உறுதி செய்தன. பலவற்றைத் திருத்தியும் விட்டன. எந்த ஒலி கேட்டாலும் மூளையின் இரு பக்கமும் விழிக்கின்றன. தாழ்ந்த சுருதிக்கும் உயர்ந்த சுருதிக்கும் வெவ்வேறு இடங்கள், ஆர்மோனியக் கட்டைகள் போல வரிசையாக உள்ளன. பேச்சாக விளங்கும் ஒலிக்கு அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளும் சேர்ந்து உழைக்கின்றன. புரிதல் ஓரிடத்தில் குடியிருக்கவில்லை. வலப்பக்கத்துக்கும் அதில் பங்குண்டு. வெர்னிக்கே பகுதியின் எல்லை எது என்பதில் இன்று அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பாடநூலில் போட்டிருக்கும் அந்த ஒற்றை வட்டத்தை நம் விரிவுரையாளர்கள் சற்று ஐயத்தோடு நடத்தினால் நன்று என்பது என் பணிவான கருத்து.

இப்போது பாட்டனாரிடம் நாங்கள் யாரும் கத்துவதில்லை. ஒரு நேரத்தில் ஒருவர், முகம் பார்த்து, மெதுவாகச் சிறு சொற்களில் பேசுகிறோம். சில புரிகின்றன. மாட்டுச் சந்தையில் துண்டால் கைகளை மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, ஒரு மாலை அப்படித் துண்டைப் போட்டு என் கையை நீட்டினேன். என் விரல்களில் மூன்றை அழுத்திப் பிடித்து, என் முகத்தைப் பார்த்து, தலையை ஆட்டிச் சிரித்தார்.