அலோய்ஸ் அல்சைமர்

ஜெர்மனியின் மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் 1864ஆம் ஆண்டு பிறந்தவர் அலோய்ஸ் அல்சைமர். 1887இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் பணியேற்றார். நோயாளிகளோடு நெடுநேரம் உரையாடுவார். எஞ்சிய பொழுதில் நுண்ணோக்கியின்முன் அமர்வார். நரம்பணுக்களுக்கு நிறமேற்றிக் காணும் முறையை வகுத்த பிரான்ஸ் நிசல் அங்கு அவருடைய உற்ற துணையாய் அமைந்தார்.

1901 நவம்பரில் அகுஸ்ட்டே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி அங்குச் சேர்க்கப்பட்டார். கணவர் பெயரைக் கேட்டால் தம் பெயரைக் கூறினார். தம் பெயரை எழுதத் தொடங்கி இடையிலேயே மறந்தார். தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக அவர் வருந்தியதையும் அல்சைமர் குறித்துவைத்தார். மறதியை முதுமையின் இயல்பெனக் கொண்டிருந்த அக்காலத்தில், இளவயதிலேயே வந்த இந்நோய் அவரை உறங்கவிடவில்லை போலும். பின்னர் மியூனிக் நகருக்குப் பணிமாறிச் சென்றும் அப்பெண்மணியின் நிலையை விசாரித்தவண்ணம் இருந்தார்.

1906இல் அகுஸ்ட்டே இறந்தார். அவருடைய மூளை மியூனிக் வந்தது. வெள்ளி உப்பால் நிறமேற்றி நோக்கியபோது, அணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் தெரிந்தன. திருப்பருத்திக்குன்றத்துப் பட்டுத்தறியருகே சிக்குண்டு கிடக்கும் நூலை மாணவர் நினைத்துக்கொள்க. கொழுப்பு நிறைந்த கிளியா அணுக்களையும் அவர் கண்டார். நரம்பணுக்களைச் சூழ்ந்து தாங்குபவை அவை. அவ்வாண்டு நவம்பரில் டியூபிங்கன் கூட்டத்தில் இவற்றை உரைத்தபோது எவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. ஆயினும் 1910இல் கிரெப்லின் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்டார்.

படிவும் சிக்கலும் புகழ்பெற்றன. கொழுப்பணுக்களோ நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. கிளியாவுள் ஒருவகையான மைக்ரோகிளியாவை ரியோ ஹோர்ட்டேகா 1919இல் பிரித்துக்காட்டினார். அவை மூளையின் நோயெதிர்ப்புக் காவலர்கள். டிரெம்2 என்னும் ஏற்பி அவற்றின் மேற்பரப்பில் இருந்து கொழுப்பையும் படிவையும் உணர்ந்து, சூழ்ந்து அகற்றுமாறு தூண்டுகிறது. அவ்வேற்பிக்குரிய மரபணுவின் ஒரு மாற்றம் இந்நோய் வரும் வாய்ப்பைப் பன்மடங்காக்குவது 2013இல் அறியப்பட்டது. டோல் வகை ஏற்பிகளோ அழற்சியை மூட்டுகின்றன. படிவு அகலாதபோது அழற்சியும் தணியாது. காக்க வந்த அணுக்களே நரம்பணுக்களைச் சிதைக்கின்றன. அழற்சியை எப்போது தணிப்பது, எப்போது காவலைத் தூண்டுவது என்பதே இன்றைய ஆய்வாளர்க்குள்ள இடர்ப்பாடு.

இவற்றில் எதையும் அல்சைமர் அறிந்திலர். பிரெஸ்லாவில் பேராசிரியராயிருந்து 1915 டிசம்பரில் மறைந்தபோது அவருக்கும் வயது 51. காணாமற்போயிருந்த அகுஸ்ட்டேயின் மருத்துவக் கோப்பு 1995இல் பிராங்க்பர்ட்டில் கண்டெடுக்கப்பட்டது. அவர் தம் பெயரை எழுத முயன்ற தாளும் அதனுள் இருந்தது.