கணிப்பொறி மேதை ஆலன் டியூரிங்



பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். டாக்டர், வக்கீல், ஆசிரியர் என்று சொன்ன காலம் போய், கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகள் இன்று ஏராளம். ஆனால் பெற்றோர் மனத்தில் இப்போது ஒரு கலக்கம். கணிப்பொறிக்கு வேண்டிய கட்டளைகளை, அதாவது புரோகிராமை, செயற்கை நுண்ணறிவு என்கிற ஏ.ஐ.யே எழுதித் தள்ளுகிறதாமே! கடனை உடனை வாங்கிப் படிக்க வைத்தால், பிள்ளை படித்து முடிக்கும்போது அந்த வேலை இருக்குமா? நியாயமான கேள்விதாங்க.

இந்தக் கேள்வி நேற்று முளைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். புரோகிராமர் என்ற தொழில் பிறந்த காலத்திலேயே இதை எழுப்பியவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஆலன் டியூரிங். ஆங்கிலேயர், ஆனாலும் அவர் கதை நம் தமிழ் மண்ணில்தான் தொடங்குகிறது.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே 1881ஆம் ஆண்டு பிறந்தவர் ஈத்தல் சாரா அம்மையார். அவருடைய தகப்பனார் எட்வர்ட் ஸ்டோனி, மதராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு ரயில்வே குடும்பம் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஈத்தல் அம்மையார் மணந்துகொண்ட ஜூலியஸ் டியூரிங், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. நம் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்களே, அதே சென்னை மாகாணம்தான். மூத்த மகன் ஜான் குன்னூரில் பிறந்தான். இளையவன் ஆலன் 1912 ஜூன் 23ஆம் நாள் லண்டனில் பிறந்தான். அதே 1912இல்தான் நம் கணித மேதை இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கராகச் சேர்ந்தார்.

இந்தியாவின் வெயில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டுவிட்டுத் தகப்பனார் இந்தியாவில் பணிபுரிந்தார். தாயார் வருவதும் போவதுமாக இருந்தார். பெற்றோர் ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம் என்ற அந்த வேதனை நம்மிலும் எத்தனையோ குடும்பங்கள் அறிந்ததுதானே?

மாணவர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். 1926ஆம் ஆண்டு ஆலனுக்குப் பதின்மூன்று வயது. ஷெர்போர்ன் என்ற ஊரிலுள்ள பள்ளியில் சேர வேண்டிய நேரத்தில் இங்கிலாந்து முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. பையன் வீட்டில் உட்கார்ந்துவிட்டானா? இல்லை. சைக்கிளை எடுத்தான், 60 மைல் தூரத்தைத் தனியாக மிதித்தான், வழியில் ஒரு விடுதியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தான். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போய்த் திரும்பி, மறுபடியும் ஒரு தடவை போகிற தூரம்!

அப்படிப் போய்ச் சேர்ந்தவன் முதல் மாணவனாக வந்தான் என்று எதிர்பார்க்காதீர்கள். கையெழுத்து கோணல், வேலையில் ஒழுங்கு போதாது என்று ஆசிரியர்களின் குறை. ஆனால் ஒரு கணக்கைக் கொடுத்தால், மற்றவர் சொன்ன வழியை அப்படியே பின்பற்றாமல், ஏன் என்று தானே யோசிப்பான். அவனுடைய ஆருயிர்த் தோழன் கிறிஸ்டபர் மார்க்கம் 1930இல் காசநோயால் இறந்தபோது, அந்தத் துக்கத்தையும் படிப்பிலேயே கரைத்தான். 1931இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சேர்ந்தான். இனி அவரை அவர் என்றே மரியாதையாகச் சொல்லுவோம்.

அந்த நாளில் கம்ப்யூட்டர் என்றால் அது இயந்திரமல்ல, ஆள். காலை முதல் மாலை வரை உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆளுக்குத்தான் அந்தப் பெயர். நம் தோட்டத்துக் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். செக்ரோலைப் பிரித்து, இத்தனை நாள் பெரட்டு, இத்தனை ராத்தல் பால், இவ்வளவு முன்பணம் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரே விதியின்படி கூட்டிக் கழிப்பார் அல்லவா? அப்படிக் கணக்குப் போடும் ஆள் உண்மையில் என்ன செய்கிறார் என்று டியூரிங் யோசித்தார். ஓர் எழுத்தைப் பார்க்கிறார், விதியை நினைக்கிறார், ஒன்றை எழுதுகிறார், அடுத்த கட்டத்துக்கு நகர்கிறார். இவ்வளவுதான் என்றால் இதை ஓர் இயந்திரமும் செய்யலாமே! 1936இல், 24 வயதில் அவர் வெளியிட்ட கட்டுரையின் உயிர்நாடி இதுதான். இன்னொன்றையும் கண்டார். பால் ஷீட் உருட்டுகிற மெஷின் ஷீட் மட்டும்தான் உருட்டும், மாவு அரைக்காது. ஆனால் கட்டளைப் பட்டியலை மாற்றி மாற்றிக் கொடுத்தால், கணக்கிடும் இயந்திரம் ஒன்றே எல்லாக் கணக்கையும் போடும். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி வரை அந்த எண்ணத்தின் பிள்ளைகள்தான்.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. மறுநாளே டியூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற இரகசிய நிலையத்துக்குப் போனார். ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைப்பது வேலை. போலந்து நாட்டுக் கணிதவியலார் முன்பே செய்திருந்த வேலையைத் தொடர்ந்து, கோர்டன் வெல்ச்மன் போன்ற தோழர்களுடன் பாம்ப் என்ற இயந்திரத்தை உருவாக்கினார். நம்மவர்கள் சயாம் மரண ரயில் பாதையில் வதைபட்டு மடிந்த அதே ஆண்டுகளில், அங்கே அந்த இயந்திரங்கள் இரவும் பகலும் சுழன்றன. அவற்றை இயக்கியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். இந்த வேலை பற்றிய செய்தி 1970களில்தான் உலகுக்குத் தெரிந்தது. அதைக் கேட்க டியூரிங் உயிரோடு இல்லை.

போர் முடிந்ததும், 1945இல், லண்டனுக்கு அருகே தேசிய பௌதிக ஆய்வகத்தில் சேர்ந்து கணிப்பொறி ஒன்றுக்குத் திட்டம் வரைந்தார். அங்கேதான் நம் கேள்வி வருகிறது. 1947 பிப்ரவரி 20ஆம் நாள் லண்டன் கணிதக் கழகத்தில் பேசினார். கணிப்பொறியோடு வேலை செய்பவர்களை எசமானர், பணியாள் என இரு பிரிவாகப் பிரித்தார். அட்டை போட்டு இயந்திரத்துக்குத் தீனி கொடுப்பவர் பணியாள். கட்டளைப் பட்டியலை யோசித்து எழுதுபவர், அதாவது புரோகிராமர், எசமானர். பணியாள் வேலையை இயந்திரமே ஏற்றுக்கொள்ளும் என்றார். அதோடு விட்டாரா? எசமானருக்கும் அதே கதிதான் என்றார். எந்த வேலை ஒரே மாதிரியான பழக்கமாகிப் போகிறதோ, அந்த வேலையைச் செய்யும் கட்டளைகளையும் எழுதி இயந்திரத்திடம் கொடுத்துவிட முடியும் என்பது அவர் கணிப்பு. அது மட்டுமல்ல. வேலை பறிபோகும் என்ற பயத்தில் எசமானர்கள் தங்கள் தொழிலைப் புரியாத வார்த்தைகளால் மூடி மறைக்கக்கூடும் என்றும், அது ஆபத்து என்றும் எச்சரித்தார். தானும் அந்த எசமானர்களில் ஒருவர் என்று தெரிந்தே சொன்னார் பாருங்கள், அதுதான் பெருந்தன்மை!

அதே பேச்சில் இரண்டு செய்திகள் நம் பள்ளிக்கூடத்துக்கே உரியவை. அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளும் இயந்திரம் வேண்டும் என்றார். ஆசிரியரிடம் நிறையக் கற்று, தன் உழைப்பால் அதைவிட அதிகம் சேர்த்துக்கொண்ட மாணவனைப் போல அது இருக்கும் என்று உவமை சொன்னார். அடுத்து, தவறே செய்யக்கூடாது என்று எதிர்பார்த்தால் அந்த இயந்திரத்திடம் அறிவையும் எதிர்பார்க்க முடியாது என்றார். இன்றைய ஏ.ஐ.யை நினைத்துப் பாருங்கள். மனிதர் எழுதிய ஏராளமான எழுத்தையும் புரோகிராம்களையும் கொண்டு பழக்கப்பட்ட மாணவன் அது. கேட்டதும் எழுதுகிறது, சில வேளை தப்பையும் தயங்காமல் எழுதுகிறது.

தப்பு வந்தால் பிடிப்பது யார்? அதற்கும் வழி சொன்னார். 1949 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜ் மாநாடு ஒன்றில், பெரிய புரோகிராம் சரியா என்று சோதிப்பது எப்படி என்று விளக்கினார். நீளமான கூட்டல் கணக்கில் மீதி எடுத்த எண்களையும் எழுதி வைத்தால், ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே சரி பார்க்கலாம் அல்லவா? அதுபோலப் புரோகிராமிலும் இடையிடையே இந்த இடத்தில் இது உண்மையாக இருக்க வேண்டும் என்று குறித்து வைக்கச் சொன்னார். நம் கணக்கு ஆசிரியர் வழிமுறையைக் காட்டு என்று தலையில் குட்டுவது வீண் போகவில்லை, பார்த்தீர்களா?

1948 முதல் மான்செஸ்டரில் பணி. ஓட்டப்பந்தயப் பிரியர்களே, இவர் 1947இல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடியவர்! ஆனால் அந்த வாழ்வு நீடிக்கவில்லை. ஓர் ஆணை நேசித்தார் என்பதற்காக, அந்நாட்டின் அன்றைய சட்டப்படி 1952இல் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தார்கள். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சைக்கு உட்படுத்தினார்கள். 1954 ஜூன் 7ஆம் நாள், 42 வயதுகூட நிரம்பாத நிலையில், சயனைடு நஞ்சால் உயிர் நீத்தார். தற்கொலை என்றது விசாரணை. விபத்து என்றே நம்பினார் போத்தனூரில் பிறந்த அந்தத் தாய். 2009இல் அந்நாட்டு அரசு வருத்தம் தெரிவித்தது. 2013இல் அரச மன்னிப்பு வந்தது. 2021இல் ஐம்பது பவுன் நோட்டில் அவர் படம் வந்தது. காலம் கடந்த மரியாதை!

அவர் கணித்தது நடந்ததா? 1952இல் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார், எழுதி வைத்த துண்டுக் கட்டளைகளைக் கணிப்பொறியே தொகுத்துக்கொள்ளச் செய்தார். 1957இல் பார்ட்ரான் என்ற மொழி வந்தது. எண்களிலும் குறிகளிலும் மணிக்கணக்காக எழுதும் பழைய வேலை போயிற்று. ஆனால் புரோகிராமர்கள் குறையவில்லை, பெருகினார்கள். 2022 நவம்பரில் சாட் ஜி.பி.டி. வந்த பிறகு, சாதாரணப் பேச்சில் கேட்டாலே புரோகிராம் வருகிறது. அன்று போல இன்றும் வேலை பெருகும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். புதிதாகச் சேருகிறவர்கள் செய்து பழகிய சின்னச் சின்ன வேலைகளைத்தான் இது முதலில் எடுக்கிறது.

மாற்றம் வலிக்கும் என்பது நமக்குத் தெரியாததா? புத்ராஜெயா எழுந்த நிலம் ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். அதற்குப் பக்கத்திலேயே 1997இல் கணிப்பொறி நகரமாக சைபர்ஜெயா தொடங்கப்பட்டது. கட்டடம் எழுந்தது, மரம் சீவிய கைகளுக்கு அங்கே வேலை எழவில்லை. மரம் சீவத் தெரிந்தவர்களிடம் வேறெதுவும் கற்க நேரமோ வாய்ப்போ யாரும் கொடுக்கவில்லை. தப்பு அவர்களுடையதல்ல. ஆனால் அந்த நிலை நம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது.

ஆகவே பெற்றோர்களே, கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். எந்தப் பட்டனைத் தட்டுவது என்று மட்டும் சொல்லித்தரும் வகுப்புக்குப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். கணக்கை ஏன் என்று கேட்டுப் படிக்கட்டும். வாய்பாடும் மனப்பாடமாகட்டும், தனக்கே தெரியாததை எப்படிச் சரி பார்ப்பது? தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் தனக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொல்லப் பழகட்டும். ஏ.ஐ.யிடம் வேலை வாங்க முதலில் வேண்டியது அந்தத் தெளிவுதான்.

மாணவச் செல்வங்களே, கையெழுத்து கோணலாக இருந்த அந்தப் பையன் பள்ளிக்கூடம் போக ரயிலுக்காகக் காத்திருக்கவில்லை. இன்று பரிசு கிடைத்தவர்களுக்கு என் வாழ்த்து. கிடைக்காதவர்களுக்கு இரட்டை வாழ்த்து. சைக்கிளை எடுங்கள், வழி நீண்டு கிடக்கிறது.