அரிய பறவைகளைத் தேடிய சாலிம் அலி

மார்கழிக் குளிரில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், தொலைநோக்கியும் கையுமாக வெளியூர் அன்பர்கள் சிலர் கழுவேலி ஏரியை நாடி வருவதுண்டு. 2021-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற ஏரி அது. இவ்வாறு பறவையைத் தேடிப் பயணம் போகும் வழக்கத்தை இந்நாட்டில் வேரூன்றச் செய்த பெருந்தகை மர்ஹூம் சாலிம் அலி அவர்களின் வாழ்வை நம் ஜமாஅத்தார் அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

1896 நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா குடும்பமொன்றில் ஒன்பதாவது குழந்தையாக அன்னார் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி அவர்களே எடுத்து வளர்த்தார். சிறுவனாக இருக்கையில் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்றைக் கண்டார். இதனை உண்பது ஹலால்தானா என்ற ஐயம் எழவே, மாமனிடம் எடுத்துச் சென்றார். மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பி வைத்தார். அங்கே அலமாரிகளில் அடுக்கப்பட்டிருந்த பறவைகளைக் கண்ட சிறுவனின் வாழ்க்கைப் பாதை அன்றே திரும்பியது. மார்க்கம் பற்றிய ஒரு சிறு கேள்வி இவ்வளவு தூரம் கொண்டு போயிற்று!

பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனித்தார்; அது கைகொடுக்கவில்லை. 1918-இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். 1929-இல் பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பணியிடமே நிதியின்மையால் நீக்கப்பட்டிருந்தது. வேலையற்ற அந்நாட்களைக் கடற்கரைக் கிராமமான கிஹிமில் கழித்தார். வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை ஏணி மீதமர்ந்து மாதக்கணக்கில் நோக்கினார். அக்குருவிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அறிஞருலகில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது.

பின்னர் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணி வாய்த்தது. காடுமேடெல்லாம் கூடாரமிட்டுத் தங்கிய அந்நாட்களில் வசதியான குடும்பத்துப் பெண்மணியான தெஹ்மினாவும் உடன் சென்றார். 1939-இல் சிறு அறுவைச் சிகிச்சை ஒன்றையடுத்து அம்மையார் காலமானார். அன்னார் மறுமணம் செய்து கொள்ளவில்லை. இரு ஆண்டுகள் கழித்து, 1941-இல், இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது.

தேடிய பறவையெல்லாம் கிட்டியதா என்றால், இல்லை. நெடுங்காலம் கண்ணில் படாதிருந்த ஃபின் தூக்கணாங்குருவியைக் குமாவுன் அடிவாரத்தில் மீண்டும் கண்டறிந்தார். ஆனால் 1876-க்குப் பின் எவரும் உறுதியாகக் காணாத இமயமலைக் காடையைத் தேடிச் சென்று வெறுங்கையுடன் திரும்பினார்.

மற்றொன்று நமக்கு அண்மையிலுள்ள ஆந்திரத்துப் பறவை. சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன் கண்டறிந்ததால் அவர் பெயரையே தாங்கியது; முட்புதர்க் காட்டில் இரவில் தரையோடு ஓடி இரை தேடுவது. 1900-க்குப் பின் அடியோடு மறைந்து விட்டதென்றே பலரும் கைவிட்டனர். கழகத்தார் அதன் படத்தைக் கிராமத்தாரிடம் காட்டி விசாரித்து வந்தனர். 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்தில், உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் கையில் அது உயிருடன் அகப்பட்டது. பட்டம் பெற்றோர் பலர் தேடியும் கிட்டாதது, காட்டையே வாழ்விடமாகக் கொண்ட ஓர் எளியவருக்குக் கிட்டியது. அப்போது சாலிம் அலிக்கு வயது 89. ஆயினும் பிடிபட்ட அப்பறவை பிழைக்கவில்லை. அது வாழ்ந்த காட்டைக் காக்க 1988-இல் ஸ்ரீ லங்கமல்லேஸ்வரா சரணாலயம் அமைந்தது.

நம் மாநிலத்துக்கும் அன்னார் செய்தது சிறிதன்று. கோடிக்கரை 1967-இல் சரணாலயமானதில் அவருடைய முயற்சிக்குப் பெரும் பங்குண்டு. வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவை செல்லும் வழியை அறியும் பணியைக் கழகத்தார் அங்கே பல்லாண்டு நடத்தினர். கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990-இல் தொடங்கப்பட்ட ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1958-இல் பத்ம பூஷண், 1976-இல் பத்ம விபூஷண், 1985-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி எனச் சிறப்புகள் வந்தன. 1976-இல் கிடைத்த கெட்டி பரிசுத் தொகையான 50,000 டாலரையும் தம்மை வளர்த்த கழகத்துக்கே அளித்தார். 1987 ஜூன் 20-ஆம் நாள், தமது 90-ஆம் வயதில் பம்பாயில் காலமானார்.