சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடர் பின்னங்கள் ஆகிய துறைகளில் இவர் கண்ட முடிவுகள் புகழ்பெற்றவை. இவருடைய வாழ்நாளின் இறுதி மூன்று ஆண்டுகள் நோயிலேயே கழிந்தன. எனினும் அக்காலத்தில் இவர் படுக்கையில் இருந்தபடியே செய்த ஆய்வுகள் இவருடைய தலைசிறந்த பணிகளுள் அடங்கும்.

இளமை

இராமானுசன் தம் தாயாரின் பெற்றோர் வாழ்ந்த ஈரோட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கராக இருந்தார். தாயார் கோமளத்தம்மாள். இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தார். தாய்வழிப் பாட்டனார் பின்னர்க் காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் பணியாற்றியதால், பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற அவ்வூரில் இவர் தொடக்கக் கல்வியின் ஒரு பகுதியைப் பயின்றார். பாட்டனார் வேலை இழந்தபின் கும்பகோணம் திரும்பினார்.

1909 இல் சானகியை மணந்தார். 1910 சனவரியில் இவருக்கு விரைவீக்க அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. குடும்பத்திடம் பணம் இல்லாததால் மருத்துவர் ஒருவர் கட்டணம் பெறாமல் செய்தார்.

1912 இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தருவதே இவருடைய கடமை. காகிதம் விலை மிகுந்ததாகையால் பலகையில் கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் இவருக்கு இருந்தது.

இங்கிலாந்தில் நோய்

1914 மார்ச் 17 இல் கப்பலேறிய இராமானுசன், கேம்பிரிச்சின் திரினிட்டிக் கல்லூரியில் பேராசிரியர் ஆர்டியுடன் ஆய்வு செய்தார். 1917 இல் நோயுற்று மருத்துவ விடுதிகளில் தங்கினார். காசநோய் எனப் பலரும் கருதினர். போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், மரக்கறி உணவு கிடைப்பதில் இருந்த இடர்ப்பாடும், குளிரும், தனிமையும் இவரை மேலும் வாட்டின. ஒரு விடுதியில் வெப்பமான இடம் குளியலறையே என்பதால், தாளும் எழுதுகோலும் கொண்டு அங்கே சென்று கணக்கிட எண்ணினார். ஆர்டி வந்த வாடகை வண்டியின் எண்ணான 1729, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று இவர் கூறியதும் நோயுற்றிருந்தபோதே ஆகும்.

1918 இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும் திரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கல்லூரி ஆண்டுக்கு 250 பவுன் வழங்கியது. சென்னைப் பல்கலைக்கழகமும் அதே தொகையை ஐந்தாண்டுகளுக்கு அளிக்க முன்வந்தது. இவ்விரண்டிற்கும் குறிப்பிட்ட கடமைகள் விதிக்கப்படவில்லை. ஆகவே எழுந்து நடமாட இயலாத நிலையிலும் வருவாய்க் கவலையின்றி இவரால் ஆய்வைத் தொடர முடிந்தது. குடும்பத் தேவை போக எஞ்சும் பணம் ஏழை மாணவர் கல்விக்குப் பயன்பட வேண்டும் என்று இவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

இறுதி ஆண்டு

1919 இல் நாடு திரும்பிய இராமானுசன் கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கிவிட்டு, 1920 சனவரியில் சென்னைக்கு வந்தார். சனவரி 12 இல் ஆர்டிக்கு எழுதிய கடிதத்தில் தாம் கண்ட போலித் தீட்டா சார்புகளை விளக்கினார். சேத்துப்பட்டு வீட்டில் படுத்தபடியே கணக்கிட்டு வந்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தல், வேளைக்கு உணவளித்தல் முதலியவற்றைக் கவனித்த சானகி, எழுதிய தாள்களையும் பாதுகாத்தார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை எழுதிய இராமானுசன், 1920 ஏப்ரல் 26 இல் 32 ஆம் வயதில் காலமானார்.

1994 இல் மருத்துவர் யங் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, நோய் ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று முடிவு செய்தார். சரியாகக் கண்டறிந்திருந்தால் அக்காலத்திலேயே குணப்படுத்தியிருக்கக் கூடிய நோய் அது.

தொலைந்த குறிப்பேடு

இறுதி ஆண்டின் தாள்கள் 1923 இல் ஆர்டிக்கு அனுப்பப்பட்டன. பின்னர் அவை பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தன. 1976 இல் சார்ச் ஆண்ட்ரூசு அவற்றைத் திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். அவற்றில் 600 க்கும் மேற்பட்ட வாய்பாடுகள் இருந்தன. போலித் தீட்டா சார்புகளின் பொது அமைப்பு 2002 இல் சுவேகர்சு என்பவரின் ஆய்வினால் தெளிவாயிற்று. கருந்துளை பற்றிய இயற்பியலிலும் அவை இப்போது பயன்படுகின்றன.

சானகி திருவல்லிக்கேணியில் தையல் தொழில் செய்து வாழ்ந்து, 1994 இல் காலமானார்.