சிரிக்க வைத்த சந்திரபாபு

இளவேனில் விழாவில் ஆடிப் பாடுவதற்குப் பாடல்கள் தேடக் கூடினோம். நண்பர்கள் மேனாட்டுத் துள்ளிசையையும், அமெரிக்கக் கருப்பின மக்களின் சோல் இசையையும் அடுக்கினார்கள். நான் சொன்னது ஒரே பெயர்: சந்திரபாபு. பழைய நகைச்சுவை நடிகருக்கு இங்கென்ன வேலை என்றார்கள். அவர்களுக்காகவே இவ்வரிகள்.

ஜே. பி. சந்திரபாபு 1927-ல் தூத்துக்குடியில் பிறந்தார். விடுதலைப் போரில் ஈடுபட்ட தந்தையை வெள்ளையராட்சி நாடு கடத்தவே, குடும்பம் கொழும்பில் குடியேறிற்று. பள்ளிப் பருவம் அங்கே கழிந்தது. 1943-ல் சென்னை திரும்பினார். 1947-ல் 'தன அமராவதி'யில் முதல் வேடம். பின்னும் வாய்ப்புக்கு அலைந்தார். 1952-ல் மனமுடைந்து உயிரை விடவும் துணிந்தார், காப்பாற்றப்பட்டார்.

பிழைத்தவர் தமிழ்த் திரைக்கு யோடலிங்கை வழங்கினார். ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் முறை அது. அடிக்குரலிலிருந்து உச்சக்குரலுக்குச் சட்டெனத் தாவி மீளும். சின்னக்கானல் தேயிலைச் சரிவுகளில் கூவிக் கூப்பிட்டு வளர்ந்த எனக்கு அது அயலாகத் தோன்றவே இல்லை. 'புதையல்' (1957), 'சபாஷ் மீனா' (1958), 'மரகதம்' (1959) என்று அவர் புகழ் ஏறியது. 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கினார். பிறகு வாய்ப்புகள் குறைந்தன, செல்வம் கரைந்தது. நாட்டையே சிரிக்க வைத்தவர் 1974 மார்ச் 8-ல் வறுமையில் மறைந்தார். வயது 46.

அயல்மண்ணில் வளர்ந்து, அயலிசையைத் தாய்மொழிக்குச் சொந்தமாக்கியவர் அவர். பிறந்த மண் ஒன்று, பிழைக்கும் மண் ஒன்று என வாழும் நமக்கு அதைவிட நல்ல பாடம் ஏது? மேனாட்டுப் பாடல்களும் ஒலிக்கட்டும், நண்பர்களே! முதற்பாட்டு மட்டும் சந்திரபாபுவுடையதாக இருக்கட்டும்.