மஞ்சள் அட்டையைத் தந்த மனிதரும் எங்கட கோபமும்

2024 யூன் 29. டோர்ட்முண்டில் யேர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் அண்டர்சன் அடித்த கோல், சக வீரரின் கால்விரல் ஓஃப்சைட் என்று வீடியோ பார்த்து அழிக்கப்பட்டது. ஒன்றிரண்டு நிமிசத்தில் அதே அண்டர்சனின் கையில் பந்து பட்டதென்று யேர்மனிக்குப் பெனால்டி. முடிவு 2–0. இங்கே அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கட பெடியள் இன்றைக்கும் அந்த நடுவரை ஏசாமல் அந்த ஆட்டத்தைக் கதைக்கமாட்டார்கள்.

ஒரே பிழைக்கு ஒருவருக்கு மஞ்சள் அட்டை, மற்றவருக்கு ஒன்றுமில்லை. இந்தக் குமுறலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருபவர் கென் அஸ்டன். அந்த அட்டைகளை உலகத்துக்குத் தந்தவர் அவர்தான்.

1915இல் இங்கிலாந்தின் கொல்செஸ்டரில் பிறந்தார். தொழில் ஆசிரியர், பிறகு இல்போர்டில் ஒரு பாடசாலையின் அதிபர். 1936இல் நடுவராகத் தகுதி பெற்றார். இரண்டாம் உலகப்போரில் இந்திய இராணுவத்தில் லெப்டினன்ட் கேணலாக உயர்ந்து, போர் முடிந்ததும் சிங்கப்பூரில் சாங்கி போர்க்குற்ற விசாரணை மன்றத்தில் பணியாற்றினார். மைதானத்துக்கு வரமுதலே தீர்ப்பின் பாரம் தெரிந்த மனிதர்.

ஆனால் அவரது பெயர் கெட்டதும் ஒரு தீர்ப்பால்தான். 1962 யூன் 2, சந்தியாகோவில் சிலிக்கும் இத்தாலிக்கும் உலகக் கிண்ண ஆட்டம். இத்தாலியின் பெரினியை ஆரம்பத்திலேயே வெளியேற்றினார்; அவர் போக மறுக்க, பொலிஸ் வந்து கூட்டிப்போனது. பிறகு சிலியின் சாஞ்செஸ் டேவிட்டைக் குத்தினார், அவருக்கு ஒன்றுமில்லை. திருப்பி உதைத்த டேவிட் மட்டும் வெளியே. இன்றைக்கு நாங்கள் சொல்லுகிற அதே குற்றச்சாட்டுத்தான். வேகமான ஆட்டம், துணை நடுவர்களின் உதவி இல்லை, மொழியும் விளங்காது. அந்த நாளை அவர் மறக்கவில்லை.

1966இல் உலகக் கிண்ண நடுவர்களுக்கு அவரே பொறுப்பு. இங்கிலாந்துடனான காலிறுதியில் யேர்மன் நடுவர் ஆர்ஜென்ரினாவின் ரற்றினை வெளியேற்றினார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. ரற்றின் நகரவேயில்லை; அஸ்டனே இறங்கிப் போய்ச் சமாதானம் பேசவேண்டி வந்தது. அதே ஆட்டத்தில் தங்கள் பெயரை நடுவர் பதிந்தாரா என்பதே சார்ல்டன் சகோதரர்களுக்குத் தெரியாது. இதை யோசித்தபடி லண்டன் கென்சிங்டன் வீதியில் கார் ஓட்டிக்கொண்டு போனவருக்கு முன்னால் சமிக்ஞை விளக்கு மாறியது. மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் நில். எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும்.

1970 மெக்சிக்கோவில் அட்டைகள் அறிமுகமாயின. 1974இல் உலகக் கிண்ணத்தின் முதல் சிவப்பு அட்டையை வாங்கியவர் ஒரு சிலி வீரர். அதே போட்டியில் போலந்து–ஹெயிட்டி ஆட்டத்தில் அட்டைகளோடு நடுவராக நின்றவர் சிங்கப்பூர்த் தமிழர் கோவிந்தசாமி சுப்பையா.

அஸ்டன் 2001இல், 86 வயதில் காலமானார். அவர் தீர்த்தது பாதிப் பிரச்சினை. அட்டை தீர்ப்பைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. 2018இல் எல்லாக் கணக்கிலும் சமமாக நின்ற யப்பானும் செனகலும் மஞ்சள் அட்டை எண்ணிக்கையால்தான் பிரிக்கப்பட்டன: நாலுக்கு ஆறு, செனகல் வீட்டுக்கு. இவ்வளவு பெறுமதி உள்ள அட்டைக்கு விளக்கம் வேண்டாமா?

நான் மென்பொருள் வேலை செய்பவன். காரணம் சொல்லாமல் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று மட்டும் திரையில் வந்தால் பாவனையாளர் கொதிப்பார். காரணம் சொன்னால், பிடிக்காவிட்டாலும் ஏற்றுக்கொள்வார். 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் நடுவர்கள் வீடியோ முடிவுகளை ஒலிவாங்கியில் சொன்னது சரியான பாதை. அஸ்டன் தொடங்கிய வேலையின் மிச்சம் அது.

அதுவரைக்கும், சனிக்கிழமை பிள்ளைகளின் ஆட்டத்தில் விசில் ஊதுகிறவரும் பதினாறு வயதுப் பிள்ளையாக இருக்கலாம். கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற தகப்பன்மார் இதைக் கொஞ்சம் யோசித்தால் நல்லது. சந்தியாகோவில் தடுமாறியவர்தான் பிறகு விளையாட்டையே திருத்தினார்.